நன்மை வரிசை

எழுந்திருக்க வேண்டும். கால் வரவில்லை.

முன் பெஞ்சு காலியாகிவிட்டது. பூசையில் நன்மை அப்பம் வாங்கும் வரிசை பீடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது அவர்கள் பெஞ்சுதான்.

கணவன் எழுந்துவிட்டான். எழுந்தவன் போகவில்லை. அவளுக்காக நின்றான்.

பதினொரு மாதம் கப்பலில் இருந்துவிட்டு வந்து நாலு நாள்தான் ஆகிறது. எப்போதும் ஆண்கள் பக்கம் போய் உட்காருகிறவன், இன்று பெண்கள் பக்கம் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான். மாதா கோவிலே திரும்பிப் பார்த்தது. பாசம் பொங்கி வழிகிறது என்று சிலர் நினைத்திருக்கலாம். அவள் நன்மை வாங்குகிறாளா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறான். அவளுக்குத் தெரியும்.

கனத்த பாவம் உள்ளவர்கள்தான் நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே இருப்பார்கள். எட்டு மாதமாக அவள் இருக்கிறாள். புருஷன் கடலில். ஊருக்கு இது போதாதா?

யாரோ அவன் காதிலும் போட்டிருக்கிறார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு. சாமியார் 'கிறிஸ்துவின் உடல்' என்று சொல்லி நாக்கில் வைத்த அப்பம் கரையவில்லை. காய்ந்த வாயில், மேல் அண்ணத்தில், காகிதம் போல ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. வெளியே ஓடினாள். குழாயடியில் நின்று, கடவுளை விரலால் சுரண்டி எடுத்தாள். தண்ணீரோடு சேர்த்து விழுங்கத்தான் பார்த்தாள். பாதி தரையில் விழுந்துவிட்டது.

அதைச் சாமியாரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அதன்பிறகு வரிசைக்கே போகவில்லை.

பிறகுதான் டாக்டர், வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார். உடம்பு தன் சொந்தச் சுரப்பிகளையே பகையாளி என்று நினைத்து அடிக்கிறதாம். எச்சில் ஊறாது. கண்ணீர் ஊறாது. முழுசாகப் போகாது, ஆனால் சமாளிக்கலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து. வாய்க்கு மடக்கு மடக்காகத் தண்ணீர்.

"வேற எங்கயாவது வறட்சி இருக்காம்மா?" என்று கேட்டார்.

பக்கத்தில் அண்ணன் நின்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டாள்.

இருந்தது. கணவன் வந்த முதல் நாளே அது தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வலி பொறுக்காமல் அவனைத் தள்ளிவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அவன் கிட்டே வரவேயில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் அவளுடைய போனை எடுத்து நோண்டினான். குளித்துவிட்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டும். கண்ணைச் சொல்லலாம், தொண்டையைச் சொல்லலாம். மிச்சத்தை எந்த வாயால் சொல்வது? சொட்டு மருந்தைக்கூட மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். திருடியைப் போல அடுக்களைக்குள் போய்க் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தாள்.

பின் பெஞ்சில் எஸ்தாக்கியம்மா தொண்டையைச் செருமினாள். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் இவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வாறியா?" என்றான்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. இப்போது உட்கார்ந்தே இருந்தால் ஊர் சொன்னதை இவன் நம்பிவிடுவான். எல்லாம் இன்றோடு முடிந்துவிடும்.

அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள்.

"எனக்கு எச்சி ஊறாதுங்க. நோயி. டாக்டர் சீட்டு பீரோவுல இருக்கு. நன்மை வாயில ஒட்டிக்கிடுது, முழுங்க முடியல. கண்ணுலயும் தண்ணி கெடையாது." நிறுத்தினாள். காது மடல் எரிந்தது. "ஒடம்புல எல்லா எடத்துலயும் அப்படித்தான். அதான் தள்ளுனேன். வேற ஒண்ணும் இல்லங்க."

கோவிலில் வைத்துச் சொல்கிற பேச்சா இது? பீடத்தின் பக்கம் பார்க்கவே கூசியது. புடவைத் தலைப்பை இன்னும் இழுத்து முக்காட்டை இறக்கிக்கொண்டாள்.

அவன் குனிந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

பிறகு பெஞ்சை விட்டு இறங்கினான். வரிசைக்குத்தான் போகிறான் என்று நினைத்தாள். இல்லை. எதிர்ப் பக்கம் நடந்தான். அங்கே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், வெளியூர்ச் சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் பார்க்க, அவர் முன்னால் முழங்காலிட்டான்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. சந்தேகப்பட்டதைச் சொல்லத்தான் போயிருக்கிறான். பாவம். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் இவனுக்கு இது தேவையா? அவன்மேல் இரக்கமாக இருந்தது. தன்மேல் வெட்கமாக இருந்தது.

போகட்டும். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதாதா?

வரிசை குறுகியது. எஸ்தாக்கியம்மா நன்மை வாங்கிக்கொண்டு, கைகளைக் கூப்பியபடி திரும்பி வந்தாள். கண்களை மட்டும் கூப்பவில்லை. தொட்டிப் பக்கம் ஒருமுறை, இவள் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

பீடத்தில் சாமியார் பாத்திரத்தைத் துடைத்து மூடினார்.

பாட்டும் ஓய்ந்துவிட்டது.

அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. பதினொரு மாதத்தில் கப்பல் எத்தனை துறைமுகத்தில் நின்றிருக்கும்? தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்.