காதுக்குள் ரகுராம்

டொமினிக்கின் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஐரினின் ஃபோன் மறுபடியும் வந்தது. மேக்கப் பெண் சலிப்போடு கையை எடுத்துக்கொண்டாள்.

"டொமி, இன்னிக்காவது பேசுவியாடா? ஜேசிபி கொண்டாந்து தெருமுனையில நிறுத்திட்டாங்க. மினிஸ்டர் கையெழுத்துப் போட்டா காலைல இடிச்சிடுவாங்களாம்."

"இன்னும் போடலையேக்கா."

"போடல. ஃபைலை வெச்சிக்கினு மாசக்கணக்கா இழுத்தடிக்கிறாராம். அவருக்கே மனசு வரலைன்னு இங்க பேசிக்கிறாங்க. நீ டிவில நாலு கேள்வி கேட்டீன்னா பயந்துக்கினு விட்டுடுவாருடா."

சந்தாபுரா ஏரிக்கரையில் வரிசையாக வீடுகள். அதில் ஒன்று, ஐரினின் புருஷன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிவிட்டுப்போன இரண்டு அறை வீடு. ஏரி ஆக்கிரமிப்பு என்று சொல்லி எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டும் கம்பெனி ஒன்றுக்கு அந்த இடத்தைக் கொடுக்கப் போகிறார்கள்.

கொடுமை என்னவென்றால், டொமினிக் தினமும் சாயங்காலம் அரசியல் விமர்சகராக வந்து உட்காரும் இந்தக் கன்னட நியூஸ் சேனலையும் அதே கம்பெனிதான் போன வருஷம் வாங்கியிருந்தது. ஊரில் உள்ள எல்லாரையும் கிழித்துத் தொங்கவிடுகிற மனுஷர், முதலாளி சமாச்சாரம் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார்.

வாய் தவறினாலும் புரொட்யூசர் ரகுராம் விடமாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, டொமினிக்கின் காதில் செருகிய இயர்பீஸில் பேசிக்கொண்டே இருப்பார். விவாதம் கன்னடத்தில் நடக்கும், காதுக்குள் மட்டும் தமிழ். "சார், அது வேணாம், டாபிக் மாத்துங்க" என்பார். மாற்றாவிட்டால் மைக் செத்துவிடும்.

இன்றைக்கு மைக் சாகும்வரை பேசிவிடுவது என்று டொமினிக் முடிவு கட்டிவிட்டார். வேலை போய்விடும், இந்த வயசில் வேறு எந்தச் சேனலும் கூப்பிடாது. அதற்காக அக்காவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு எந்த மூஞ்சியோடு சர்ச்சுக்குப் போவது?

அன்றைய விவாதம் ரோட்டுப் பள்ளங்களைப் பற்றி. தொகுப்பாளர் சிந்து அவர் பக்கம் திரும்பியதும், பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டு நேரே மினிஸ்டர் மேல் பாய்ந்தார் டொமினிக்.

"ஏரியைக் காப்பாத்தறோம்னு ஏழைங்க வீட்டை இடிக்கப் போறாரே மினிஸ்டர், அவர் சம்சாரம் பேர்ல இருக்கிற கல்யாண மண்டபம் எந்த ஏரி மேல நிக்குதுன்னு நான் சொல்லட்டுமா?" என்று கன்னடத்தில் பொரிந்தார்.

சொல்லிவிட்டு ரகுராமின் குரலுக்காகக் காத்திருந்தார். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மைக்கும் சாகவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரகுராம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் முதலாளியின் பி.ஏ. ஃபிராங்க்ளின் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கண்ட்ரோல் ரூம் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. சரிதான், சீட்டைக் கிழிக்க ஆள் வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டார் டொமினிக்.

விளம்பர இடைவேளையில் ஐரின் கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல்.

"டொமி, தெருவே எங்க வீட்ல ஒக்காந்து பாத்துக்கினு இருக்குடா. இனிமே அந்த ஆளு எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?"

"பாதிதான் சொல்லியிருக்கேன்க்கா. மீதியும் சொல்லிடறேன்."

ஃபோனை வைத்ததும் மனசு கேட்கவில்லை. மைக்கில் மெதுவாகச் சொன்னார்: "ரகு, உங்க வேலைக்கும் சேர்த்து உலை வெச்சுடுவாங்க. பேசாம என்னை கட் பண்ணிடுங்க."

"பேசுங்க சார்," என்றது காதுக்குள் குரல். அவ்வளவுதான்.

டொமினிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுஷன், எனக்காக இப்படித் துணிந்து நிற்கிறானே என்று நினைத்துக்கொண்டார். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த வெட்கம் எல்லாம் சேர்ந்து அவரைப் பிடித்துத் தள்ளியது.

இடைவேளை முடிந்ததும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மண்டபம் எந்த ஏரியை மூடிக் கட்டியது, எந்த அதிகாரி அதற்குக் கண்ணை மூடிக்கொண்டார், எல்லாவற்றையும் பெயரோடு போட்டு உடைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஆளுங்கட்சிக்காரர் கத்திப் பார்த்தார், எழுந்து பார்த்தார், கடைசியில் தண்ணீர் குடித்தார்.

"இது என்ன பெரிசுங்க, மினிஸ்டர் மகனோட கல் குவாரி விஷயம் தெரியுமா உங்களுக்கு?" என்று டொமினிக் ஆரம்பித்தபோது, சிந்து சட்டென்று குறுக்கே புகுந்து இன்னொரு இடைவேளை என்றாள்.

ஸ்டுடியோ அமைதியானது. காதுக்குள் ரகுராம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், போதும். குவாரி வேணாம்."

"முதலாளி கட் பண்ணச் சொல்லிட்டாரா ரகு?"

"இல்ல சார்." ரகுராமின் குரல் உடைந்திருந்தது. "இன்னிக்கு நீங்க என்ன பேசினாலும் கட் பண்ணாதேன்னு சொன்னதே அவர்தான். முதலாளியோட பேரம் படியாமதான் அந்த மினிஸ்டர் இத்தனை நாளா இழுத்துக்கிட்டிருந்தாராம்."

டொமினிக் இயர்பீஸைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அதனால?"

"மினிஸ்டர் பயந்துட்டார் சார், கையெழுத்துப் போட்டுட்டார்."