அழுகைக் காட்சி

"அக்கா, வாற சனிக்கிழமை நீங்கள் மேடையேறத்தான் வேணும். ஒரேயொரு அழுகைக் காட்சி, அவ்வளவுதான்."

டென்மார்க்கின் இஷொய் நகரத் தமிழ்ச் சங்கத் தலைவர் கோணேசன், தேநீரைக் குடிக்கவும் மறந்து கெஞ்சினார்.

விமலாதேவி நிமிர்ந்து பார்க்கவில்லை. கொழும்பில் எடுத்த நாலைந்து தமிழ்ப் படங்களிலும், தொலைக்காட்சி புதிதாக வந்த காலத்து நாடகங்களிலும் துணைநடிகையாக இருந்தவர். கதாநாயகி சிரிக்கும்போது தேநீர் கொண்டுவருவதும், அவள் அழும்போது அவளைவிட நன்றாக அழுவதும்தான் அவருடைய கலைவாழ்க்கை. கிளிசரின் கேட்டதே இல்லை.

"நான் வரேல்லை தம்பி. கேக்காதேங்கோ."

மகள் லக்சனாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் பழைய நாடகமொன்றை யூடியூபில் கண்டுபிடித்த நாளிலிருந்து வேலையிடம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தாள். சங்கத்துக்கு இந்த யோசனையைக் கொடுத்ததே அவள்தான்.

"வேலைக்காரியா நடிச்சது வெக்கமா அம்மா?"

"அதில என்ன வெக்கம்? உழைச்சுச் சாப்பிட்டனான்."

"பிறகேன்? அம்மம்மா நடிக்கப்போறா எண்டு பிள்ளையளுக்கும் சொல்லிட்டன். எனக்காக ஒருக்கா அழுதா என்ன?"

விமலாதேவியின் முகம் கறுத்துப்போயிற்று. கோணேசன் முன்னால் இருப்பதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. இந்த மனிதர் எழுந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது.

கோணேசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"விடு பிள்ளை. நான்தான் யோசிக்காமல் கேட்டிட்டன்."

"ஏன் அங்கிள்?"

"அம்மா அகதியா வந்த நேரம் விசாரணையில நான்தான் மொழிபெயர்ப்பாளர். அப்ப நீ வயித்தில. உன்ர அண்ணா ஷெல் பட்டுச் செத்ததை முதல் விசாரணையில மரம் மாதிரி இருந்து சொன்னவா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பெத்த தாய் இப்பிடிச் சொல்லுவாளோ எண்டு அதிகாரி நம்பேல்லை. திருப்பி அனுப்பப் பார்த்தாங்கள். ரெண்டாம் விசாரணையிலதான் அடக்கி வைச்சதெல்லாம் உடைஞ்சு கதறினவா. அதிகாரியே பேனையை வைச்சிட்டார். எனக்கு டேனிஷ் வாயில வரேல்லை."

அவர் லக்சனாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்காக அப்பிடி அழுத தாயை, மேடையில வந்து பொய்யா அழு எண்டு கேக்கலாமோ?"

லக்சனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. எனக்குத் தெரியாது."

விமலாதேவி கையை இழுத்துக்கொண்டார். இருவர் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

"கமெரா இருக்கிற பக்கத்துக் கண்ணில முதல் துளி விழவேணும், அதுதான் எங்கட தொழில். அண்டைக்கு அந்த அதிகாரி இருந்த பக்கத்துக் கண்ணில விழுத்தினனான், தம்பி" என்றார் மெதுவாக. "என்ர பிள்ளைக்காக நான் இன்னும் அழேல்லை."