பாரம் கூடினால் ஓட முடியாது

மறுபடியும் செத்துப்போனாள்.

ஓநாய். புதருக்குள்ளிருந்து வந்தது, கடித்தது, கதை முடிந்தது. கம்ப்யூட்டர் திரை கறுத்தது. 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வெளியே கூடத்தில் பாத்திரங்கள் உருண்டன. நாளைக்கு அவள் கணவனுக்குக் காரியம். வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அழுதுடும்மா, அழுதாத்தான் ஆறும் என்கிறார்கள்.

சரி என்கிறாள்.

காப்பி குடிக்கிறியா? சரி. செத்த நேரம் படுக்கிறியா? சரி. காலையில் நாத்தனார் பீரோவைத் திறந்து, "இளங்கோ துணியெல்லாம் நாளைக்கே ஆசிரமத்துக்குக் குடுத்துடலாமா?" என்று கேட்டாள். அதற்கும் சரிதான்.

பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, உடம்பு முழுக்க. அழுகை வந்தால் அழ மாட்டாளா என்ன?

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒரு தறுதலை விளையாட்டு. பெரிய தேசம், காடு, மலை, ஊர் எல்லாம் உண்டு. எங்கே போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். வரைபடம் இருக்கிறது, அதில் நீ எங்கே நிற்கிறாய் என்பது இருக்காது. பசிக்கும். செருப்பு தேயும். குதிரை பாதி உடம்போடு சுவருக்குள் மாட்டிக்கொண்டு கனைக்கும். அரைகுறையாகச் செய்து சந்தையில் விட்டுவிட்டான்கள்.

அவளுக்கு உயிர்.

"காசு குடுத்து அடி வாங்குறியே, லூசாடி நீ?" என்பான் இளங்கோ. சொல்லிவிட்டு, அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று பார்ப்பான். கால் வலிக்கிறவரை நிற்பான்.

விளையாட்டில் அவளுக்கு ஒரு துணை உண்டு. கூலிக்கு வரும் வீரன், பெயர் பெரிக். கையில் லாந்தருடன் பின்னாலேயே வருவான். போன வாரம் மலைப்பாலத்தில் கரடி அடித்து அவன் செத்துப்போனான். அவசரப்பட்டு அவள்தான் அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

செத்த பிறகும் வந்தான்.

அது விளையாட்டின் கோளாறு. கழுத்து ஒரு பக்கம் தொங்க, கணுக்கால்வரை மண்ணுக்குள் புதைந்தபடி, லாந்தரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். சண்டை போட மாட்டான். பேச மாட்டான். வெளிச்சம் மட்டும் அவள் காலடியில் விழும்.

பார்க்கச் சிரிப்பான சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. அவன் பாட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது மறுபடி எழுந்து, நடந்து, காட்டுக்குள் நுழைந்தாள்.

இருட்டாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

கதவு திறந்தது. கொழுந்தன் தினகரன், டீ டம்ளரோடு.

"அண்ணி, கேமுக்கு அப்டேட் வந்து கெடந்துச்சு. காலையில நான்தான் போட்டு விட்டேன். செத்தவன் எந்திரிச்சு வர்றதை எல்லாம் சரி பண்ணிட்டாங்க..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். டம்ளரை வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

நல்ல பையன். அவள் மனசு லேசாகட்டும் என்றுதான் செய்திருப்பான்.

ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. இத்தனை நாளில் அவளுக்கென்று வந்த முதல் விஷயம் அதுதான். அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

திரையில் பாலத்தை நோக்கி நடந்தாள். வழியில் அதே ஓநாய். இந்தத் தடவை அவள் விடவில்லை.

பாலத்தில் பெரிக் கிடந்தான். ஒழுங்காக, செத்தவன் கிடக்க வேண்டியபடி கிடந்தான்.

பக்கத்தில் போனதும் அவன் மூட்டை திறந்தது. ஒரு போர்வை. பாதி ரொட்டி. வார் அறுந்த செருப்பு. மரக்கரண்டி. எண்ணெய் தீர்ந்த லாந்தர். சந்தையில் ஒரு பயல் வாங்க மாட்டான்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்தாள்.

திரையில் அவள் முதுகு வளைந்தது. மூச்சு வாங்கியது. ஓடப் பார்த்தாள், கால் நகரவில்லை.

"அண்ணி, பாரம் ஜாஸ்தியாயிடுச்சு," என்றான் தினகரன் மெதுவாக. "எதையாவது கீழ போட்டாத்தான் ஓட முடியும்."

அவள் தலையைத் திருப்பினாள்.

திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. நாத்தனார் எழுந்துவிட்டிருந்தாள். துணிக்கடைப் பைகள் இரண்டை வைத்துக்கொண்டு இளங்கோவின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காலர் நைந்த கட்டம் போட்ட சட்டை மேலே இருந்தது. தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று இவளே அவனிடம் தலைபாடாக அடித்துக்கொண்ட சட்டை.

"ஓட வேணாம், தினா."

குரல் உடைந்தது. அவளுக்கே அது யார் குரலோ என்றிருந்தது.

"உங்க அக்காகிட்டப் போய்ச் சொல்லு. அந்தப் பையை இங்க கொண்டாந்து வைக்கச் சொல்லு. எதையும் குடுக்க வேணாம்."

தினகரன் போனான்.

கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்தன.

திரையில் ஓரடி எடுத்து வைத்தாள். நின்றாள். இன்னோரடி வைத்தாள்.

ஊர் ரொம்பத் தூரம். நடந்தே போய்க்கொள்ளலாம்.