ரெண்டு பேர் போதும்

பிரான்சின் லா சப்பலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஐங்கரனுக்குப் பிரெஞ்சுக் கடிதம் என்றால் புதுச்சேரி ரோசாலி அக்காதான். ஆறு வருடமாக எழுதிக்கொடுக்கிறார். ஒரு தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை.

இந்த முறை எழுதவேண்டியது ராணுவ முகாமில் சமைத்துப்போடும் குசினிக்கான டெண்டர். செலவைக் குறைக்க, அரசாங்கம் அந்த வேலையைத் தனியாரும் போட்டியிடத் திறந்துவிட்டிருந்தது.

“அங்கை அரசாங்க ஆக்கள் அஞ்சு பேர் சும்மா நிண்டு சம்பளம் எடுக்கினம். எங்களுக்கு ரெண்டு பேர் போதும் எண்டு எழுதுங்கோ அக்கா.”

பேனா நின்றது. “மூணுன்னு போடுங்க தம்பி. சூப் சட்டிய ரெண்டு பேரால தூக்க முடியாது.”

“ரெண்டு எண்டாத்தான் கிடைக்கும்.”

எழுதினார். கிடைத்தது.

பொறுப்பேற்கும் நாளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான் ஐங்கரன். குசினிக் கதவைத் திறந்தது வெள்ளை ஏப்ரன் கட்டிய ரோசாலி அக்கா.

“நீங்கள் இஞ்சையே…”

“பதினெட்டு வருஷமா. அந்த அஞ்சு பேருல நானும் ஒருத்தி.”

“ஏன் அக்கா சொல்லேல்லை?”

“நான் எங்க வேலை பாக்குறேன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே தம்பி. எப்படியும் யாரோ எடுக்கத்தான் போறாங்க, நீங்களே எடுங்கன்னு எழுதினேன்.” சாவியை நீட்டினார். “என்னைத் தெற்கே தூலோன் முகாமுக்கு மாத்திட்டாங்க. மத்தவங்க காலையிலயே கிளம்பிட்டாங்க. வாங்க, சூப்ப இறக்கணும். அந்தப் பக்கம் புடிங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் பிடித்தான். இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள்.

சட்டி அசையவில்லை.