சம்மதம்

மொட்டைத் தலையில் வெயில் சுள்ளென்று விழ, மகன் கைக்குட்டையை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டான். துணிப்பையைத் தோளில் மாட்டியபடி பஸ்ஸிலிருந்து முதல் ஆளாக இறங்கினான். அவன் பின்னால் அம்மா. கடைசியாக, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல இறங்கினார் அப்பா, தையல்காரர்.

"எப்படி இருந்த முடி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றாள் அம்மா.

"கேட்டா விட்டிருப்பியா? ஒரு துணைக்குத்தாம்மா" என்று சிரித்தான் மகன்.

எதிரே, கல்படிகளுக்கு மேல் அந்த அரசமரம். புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் வழிவந்த மரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கைகூப்பியபடி அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். உதிர்ந்த ஓர் இலைக்காக நாலு பேர் ஓடினார்கள்.

தையல்காரரும் சுற்றினார். பளிங்குத் தரை அனலாகக் காய்ந்தது.

"ஏங்க, கால் சுடலையா? நிழல்ல நடங்க" என்றாள் மனைவி.

அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். சுடுகிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டு, துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஊசி ஏறியதே அவருக்குத் தெரிந்தது.

அந்தத் துணிதான் இப்போது பைக்குள் இருந்தது. துறவிகள் உடுத்தும் காவித் துணி. அளவுகூட எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு தைப்பதுபோல அவரே தைத்து முடித்திருந்தார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த அம்மாள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "துறவறத்துக்கா?" என்று கேட்டிருந்தாள். அவர் தலையாட்டினார். அதிலிருந்து அவள் இவர்களை விடவே இல்லை. இப்போதும் மரத்தைச் சுற்றாமல் இவர்களைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்படிண்ணா ஒத்துக்கிட்டீங்க?"

"படிப்பு முடியட்டும்னு சொன்னேன், முடிஞ்சுது. வேலை கிடைக்கட்டும்னு சொன்னேன், கிடைச்சுது. அதுக்கு மேல சொல்றதுக்கு எனக்குச் சாக்கு கிடைக்கல."

"ஹும். புத்தரும் பெத்தவங்களை அழவிட்டுட்டுத்தானே போனாரு."

"கட்டினவளையும்தான்" என்றார் அவர்.

அந்த அம்மாள் மனைவியின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு பெரிய பிள்ளையை விட்டுட்டுப் போக எப்படிம்மா மனசு வருது உங்களுக்கு?"

"அவன் சமாளிச்சுக்குவான். சமையல்கூடக் கத்துக்கிட்டான்" என்றாள் மனைவி. புடவைத் தலைப்பால் மகனின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

மரத்துக்குப் பின்னால் மடத்தின் கூடம். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தும் காற்றே இல்லை. பாய் விரித்த தரையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

தலைமைத் துறவி வந்து எதிரே அமர்ந்தார். பையைப் பார்த்தார், பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இங்க வந்து சேர்றது பெரிசில்ல. பின்னால இருக்கிறவங்க மனசு கசந்து நிக்கக் கூடாது. குடும்பத்துல பெரியவர் வாயால சொல்லணும். உங்களுக்குச் சம்மதமா?"

எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் மூன்று பேரும் அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் இல்லை, கெஞ்சல் இருந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னு சொல்லிடுங்கண்ணா. பாவம், அந்தம்மா முகத்தைப் பாருங்க" என்று தூண் ஓரத்திலிருந்து ஒரு விசும்பல் வந்தது.

அழுகையாவது வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கோபம்கூட வரவில்லை. நெஞ்சில் கை வைத்தால் கட்டையைத் தொடுவதுபோல இருந்தது.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் துறவி.

"யோசிச்சாச்சு" என்றார் தையல்காரர். குரல் வேறு யாருடையதோ போல ஒலித்தது. பையை எடுத்துத் துறவியின் முன்னால் வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"முழுச் சம்மதம். என் பொண்டாட்டியை ஏத்துக்குங்க."