கல்மண்டபத்துக் கறுப்புக் கோட்டு

கல்மண்டபத்தில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. மதார் சாகிப்பின் பழைய துணிக்கடையில் கொடி நெடுகச் சட்டைகள் தொங்குகின்றன. கடல்காற்று வீசும்போதெல்லாம் அவற்றின் கைகள் மட்டும் எழுந்து எழுந்து விழுகின்றன. ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் ஜெயவேல் ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தையில் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டு போட்டு வரவேண்டும் என்பது பெண்ணின் ஆசை. புதிது தைக்கக் கட்டுப்படியாகாது. அக்கா பூவம்மா அவனுக்கு எடுத்த பழைய பூட்சை முந்தானையால் துடைத்தபடி, “தொர கணக்கா கீறடா” என்கிறாள். “கப்பல்ல வந்த சரக்கு, நைனா. ஒனக்கே தச்ச மாரி கீது” என்கிறார் சாகிப். பாச்சை உருண்டை நெடியையும் மீறி யூடிகொலோன் மணக்கிறது. ஜெயவேலுக்குப் பழகிய மணம். மெல்ல முதுகுப்பக்கம் கையை விட்டுத் தடவுகிறான். காலரையும் சேர்த்துப் பிளந்து, பிறகு மூட்டிய தையல் ஒன்று அடிவரை ஓடுகிறது. ராயபுரத்துச் சவப்பெட்டிக் கடையில் அவனுக்கு வேலை. விறைத்த பிணத்தின் கைகள் மடங்காது. அதனால் கோட்டின் முதுகைக் கிழித்து முன்பக்கமாகத்தான் மாட்டுவார்கள். கிழிப்பவனும், பிறகு யூடிகொலோன் தெளிப்பவனும் ஜெயவேல்தான். இடக்கைக்காரன் என்பதால் அவன் கத்தரி காலரில் சற்றுக் கோணியே இறங்கும். இந்தத் தையலும் அங்கேதான் கோணுகிறது. “கழட்டிக் குடுடா, சாகிப்பு கட்டித் தரட்டும்” என்கிறாள் பூவம்மா. ஜெயவேல் கழற்றத்தான் பார்க்கிறான். கைகள் இரண்டும் மடங்க மாட்டேன் என்கின்றன.