எவர்சில்வர் கர்வம்

சுடுதளத்துப் பெட்டியொன்றில் பழைய எவர்சில்வர் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. தன் பளபளப்பில் அதற்குத் தனிக் கர்வம். பக்கத்திலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“நீ துருப்பிடிக்கிறவங்களுக்குத்தான்யா. என் பக்கம் வராதே!”

“துரு வராது, சரி. ஆனா சுடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடுற உன் மேல்பாகமும், அதைத் தாங்குற உடம்பும் ஒரே எவர்சில்வர். எண்ணெயில்லாம உரசினா ஒண்ணையொண்ணு கவ்விக்கும்,” என்றது குப்பி.

துப்பாக்கி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்ட குப்பி, துணிக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. அன்று போட்டி. எஜமானி அமலோற்பவம் குப்பியைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், எண்ணெய் போடாமலே சுட்டாள்.

முதல் குண்டு குறியின் நடுவில் பாய்ந்தது. துப்பாக்கி பூரித்துப்போனது. அடுத்த குண்டில், பின்னால் போன மேல்பாகம் பாதி வழியில் இறுகிக்கொண்டது. துப்பாக்கி வாயைப் பிளந்தபடி நின்றது.

“இதை வித்துட்டுப் புதுசு வாங்கிட வேண்டியதுதான்,” என்று அலுத்துக்கொண்டாள் அமலோற்பவம்.

துப்பாக்கி அலறியது: “அண்ணே! எங்கே இருக்கீங்க?”

குப்பிக்கு மனசு இளகிவிட்டது. உருண்டு வந்து அவள் விரலில் முட்டியது. அவள் குண்டுகளை எடுத்துவிட்டு எண்ணெய் விட்டதும், மேல்பாகம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“இப்ப எப்படி இருக்கு?” என்றது குப்பி.

“எனக்கென்ன? நீங்கதான் வேலையில்லாம படுத்துக் கிடந்தீங்க. பாவமா இருந்தது, கூப்பிட்டேன்,” என்ற துப்பாக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: “நாளைக்கும் வந்துடுங்கண்ணே.”